கம்ப்யூட்டரில் சத்தம் வரலையா? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைப் பற்றியவை. வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. அதனால் இந்த இதழில் வேறு எதையும் எடுக்கவில்லை, முழுக்க சத்தம்தான்.

பதில்களுக்குள் போவதற்கு முன்னால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல கடிதங்களில் "ஃபார்மட் போட்டால்தான் சரியாகும்னு சொல்றாங்க, போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவது. சத்தம் வராததற்காக அதைச் செய்ய வேண்டிய நிலை மிக மிக அபூர்வம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம், கல்யாண வீடியோ, நிலப் பத்திரத்தின் ஸ்கேன் என்று அதற்குள் இருப்பதெல்லாம் ஒருமுறை போனால் போனதுதான். தயவுசெய்து கீழே இருப்பதைப் படித்து, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு ஆசிரியை: சார், எங்கள் வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10. மானிட்டர் போய்விட்டதால் போன மாதம் புதிதாக ஒன்று வாங்கினோம். அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஸ்பீக்கரில் லைட் எரிகிறது, வால்யூமும் 100 என்று காட்டுகிறது. பார்க்க வந்தவர் "சவுண்ட் சிப் போயிருக்கும், இல்லைன்னா ஃபார்மட் போட்டுப் பார்க்கணும்" என்கிறார். பையனின் பத்தாம் வகுப்புப் பாட வீடியோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ஃபார்மட் வேண்டாம் டீச்சர். சிப்பும் போயிருக்க வாய்ப்பில்லை. மானிட்டர் மாற்றியதிலிருந்துதான் சத்தம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் துப்பு.

பழைய மானிட்டருக்குப் போன நீல நிற, பதினைந்து ஊசி வைத்த வி.ஜி.ஏ. வயர் படத்தை மட்டும்தான் கொண்டு போகும். புது மானிட்டரோடு வந்த எச்.டி.எம்.ஐ. வயர் படம், சத்தம் இரண்டையும் ஒரே வயரில் கொண்டு போகிறது. அதைச் செருகியதும் விண்டோஸ் "ஓ, சத்தம் போக இன்னொரு வழி வந்திருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு, உங்களைக் கேட்காமலே சத்தத்தை மானிட்டர் பக்கம் திருப்பிவிடும். மானிட்டருக்குள் ஸ்பீக்கர் இருந்தால் கேட்டிருக்கும், பல மானிட்டர்களில் கிடையாது. ஆகச் சத்தம் போய்க்கொண்டேதான் இருக்கிறது, ஸ்பீக்கர் இல்லாத இடத்துக்குப் போகிறது. வால்யூம் 100 என்று காட்டுவதும் அந்த மானிட்டரின் வால்யூம்தான்.

திரையின் வலது கீழ் ஓரத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை ஒரு முறை தட்டுங்கள். வால்யூம் கோட்டுக்கு மேலே ஒரு பெயர் இருக்கும், பக்கத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி. அந்தப் பெயரைத் தட்டினால் பட்டியல் விரியும். அதில் மானிட்டர் கம்பெனியின் பெயரோடு ஒன்று இருக்கும், "ஸ்பீக்கர்ஸ்" என்று தொடங்கி "ரியல்டெக்" (சவுண்ட் சிப் செய்யும் கம்பெனியின் பெயர்) என்று முடிகிற மாதிரி இன்னொன்று இருக்கும். இரண்டாவதைத் தொடுங்கள். அனேகமாக அந்த நொடியே சத்தம் வந்துவிடும். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் வால்யூம் கோட்டின் வலது பக்கத்தில் இருக்கும் சின்னப் படத்தைத் தட்டினால் வரும்.

அப்படியும் வரவில்லை என்றால் அடுத்ததாக ஒன்றைப் பார்க்கச் சொல்கிறேன். என் அனுபவத்தில் இதைவிட உபயோகமான சோதனை வேறு இல்லை, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு பாட்டை ஓடவிட்டுவிட்டு, அதே ஸ்பீக்கர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து "சவுண்ட்ஸ்" என்பதைத் திறங்கள், அதில் "பிளேபேக்" என்ற பக்கத்துக்குப் போங்கள். (விண்டோஸ் 11 என்றால் சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போய்க் கடைசியில் "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்".) சத்தம் போகக்கூடிய வழிகள் ஒவ்வொன்றும் அங்கே வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும் செங்குத்தாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். பாட்டு எந்த வழியில் போகிறதோ அதன் பக்கத்தில் மட்டும் அந்தக் கட்டங்கள் பச்சையாக ஏறி இறங்கும், தபேலா விழும்போது ஒரு குதி குதிக்கும்.

போர் மோட்டார் ஓடுகிறது, வயலில் சொட்டு விழவில்லை என்றால் நாம் உடனே மோட்டாரைக் கழற்றுவதில்லை, குழாய் எந்த இடம் வரைக்கும் நனைந்திருக்கிறது என்று நடந்து போய்ப் பார்க்கிறோம் இல்லையா, அந்தப் பச்சைக் கட்டம் அதுமாதிரிதான். ரியல்டெக் பக்கத்தில் பச்சை ஆடுகிறது, காதில் சத்தம் இல்லை என்றால் விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஃபார்மட் போட்டாலும் டிரைவர் (சவுண்ட் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) மாற்றினாலும் பெரும்பாலும் புண்ணியமில்லை, கோளாறு ஜாக்கிலோ வயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. எங்கேயுமே பச்சை ஆடவில்லை என்றால் பாட்டு ஓடுகிற புரோகிராமிலோ விண்டோஸிலோதான் அடைப்பு.

வெளியேதான் கோளாறு என்று தெரிந்தால், சி.பி.யூ. பெட்டியின் பின்பக்கம் ஸ்பீக்கர் வயர் பச்சை ஓட்டையில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தத்தை உள்ளே வாங்குவதற்கு. மானிட்டர் மாற்றும்போது மேஜையை இழுத்ததில் வயர் கழன்று, இருட்டில் தடவி நீலத்தில் செருகிவிடுவது சகஜம். ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, அதன் வால்யூமைக் குறைவாக வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஜாக்கின் நுனியை விரலால் தொடுங்கள். "உர்ர்" என்று ஒரு சத்தம் வந்தால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது.

சரியானதும் ஒரு வேலை பாக்கி. அதே பிளேபேக் பட்டியலில் மானிட்டரின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து "டிஸேபிள்" கொடுத்துவிடுங்கள். இனிமேல் அது சத்தத்தை இழுத்துக்கொள்ளாது.

காரிமங்கலம் வாசகர்: பாட்டு, சினிமா எல்லாம் கேட்கிறது. யூடியூபில் மட்டும் சத்தம் இல்லை.

யூடியூப் ஓடும் டேபின் தலைப்பில் ஸ்பீக்கர் படத்துக்குக் குறுக்கே கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரைட் கிளிக் செய்து "அன்மியூட் சைட்". இல்லையென்றால் வீடியோவுக்குள்ளேயே இருக்கும் வால்யூமைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் கீழே ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து "வால்யூம் மிக்ஸர்" திறங்கள், ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி வால்யூம் அங்கே இருக்கிறது, குரோமுக்கு மட்டும் பூஜ்யத்தில் கிடக்கும்.

அரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அண்ணா, இது ரொம்ப விசித்திரமான பிரச்சினை. என் மொபைல் ஹெட்செட்டை வீட்டு டெஸ்க்டாப்பில் போட்டுப் பாட்டுக் கேட்டால் வாத்தியம் எல்லாம் எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி வருகிறது, பாடுகிறவர் குரல் மட்டும் காணவே காணோம். ஆன்லைன் வகுப்பு வீடியோவில் ஆசிரியர் பேசுவதும் கேட்கவில்லை. மொபைலில் போட்டால் நன்றாக இருக்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லைம்மா, பயப்படாதே. இது ஜாக்கில் நடக்கிற விஷயம், இதைப் புரிந்துகொண்டால் உனக்குப் பிடிக்கும்.

உன் ஹெட்செட்டின் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார். கறுப்பு வளையங்கள் மூன்று இருக்கும், அவை உலோகத்தை நான்கு துண்டாகப் பிரிக்கும். நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான எர்த், நான்காவது மைக். இப்போது வரும் மொபைல் ஹெட்செட்கள் பெரும்பாலும் இந்த வரிசைதான். டெஸ்க்டாப்பின் பச்சை ஓட்டையோ மூன்று துண்டு ஊசிக்காகச் செய்தது, அதில் கடைசித் துண்டுதான் எர்த். உன் ஊசியில் கடைசித் துண்டு மைக் என்பதால் சில ஜாக்குகளில் எர்த் சரியாகச் சேராமல் போய்விடுகிறது.

எர்த் இல்லையென்றால் இடது சத்தமும் வலது சத்தமும் ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதில் விழும். சினிமாப் பாட்டில் குரலைப் பெரும்பாலும் நடுவில் வைப்பார்கள், அதாவது இடதிலும் வலதிலும் ஒரே அளவு. ஒரே அளவில் இருப்பது ஒன்றை ஒன்று அடித்துப் போய்விடுகிறது. வயலினோ கிதாரோ ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அது தப்பித்து வருகிறது. ஆசிரியரின் பேச்சு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதிவாகி இருப்பதால் அது சுத்தமாகக் காணாமல் போகிறது.

இது சரியா என்று நீயே பார்க்கலாம். பாட்டு ஓடும்போது ஹெட்செட் வயரில் இருக்கும் கால் எடுக்கும் பட்டனை அழுத்திப் பிடி. குரல் திடீரென்று முழுசாக வரும், விட்டால் மறுபடி போகும். அந்தப் பட்டன் மைக் துண்டையும் எர்த்தையும் ஒன்றாக இணைக்கிறது, அதனால்தான். ஊசியை ஒரு துளி வெளியே இழுத்தாலும் சில சமயம் சரியாகும், ஆனால் அது நிற்காது. நிரந்தரத் தீர்வு ஒரு ஸ்ப்ளிட்டர் வயர், ஒரு பக்கம் உன் ஹெட்செட் போகும் ஓட்டை, மறுபக்கம் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு ஊசி. மொபைல் கடைகளில் கிடைக்கும். மைக்கும் வேலை செய்யும் என்பதால் ஆன்லைன் வகுப்பில் பேசவும் உதவும்.

மொபைலிலேயே இப்படி நடக்கிறது என்று எழுதிய மற்றவர்கள், ஊசி முழுசாக உள்ளே போகிறதா, பின் கவர் தடுக்கிறதா, ஓட்டையில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும்.

ஓசூர் வாசகர்: விண்டோஸ் அப்டேட் ஆனது, மறுநாள் சத்தம் இல்லை. ஸ்பீக்கர் படத்தில் சிவப்பு எக்ஸ் குறி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி "விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, அதனால்தான்" என்கிறார். உண்மையா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது உண்மை. அதனால் பாதுகாப்பு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், ஆனால் சத்தம் அதனால் நிற்காது.

முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது அதே வேலையைச் செய்யாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சீக்கிரம் திறப்பதற்காக "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் செய்யும்போது உள்ளே இருந்த நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்துப் போடும், கோளாறும் கூடவே வந்துவிடும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்டார்ட்டில் "சர்வீசஸ்" என்று தேடித் திறந்து, "விண்டோஸ் ஆடியோ", "விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்" இரண்டுக்கும் நேராக "ரன்னிங்" என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாததை ரைட் கிளிக் செய்து ஸ்டார்ட் கொடுங்கள்.

அடுத்தது டிரைவர். "டிவைஸ் மேனேஜர்" திறந்து, சவுண்ட் என்று தொடங்கும் பகுதியை விரித்து, ரியல்டெக் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிரைவர் பக்கம். "ரோல் பேக் டிரைவர்" என்ற பட்டன் அழுத்தும்படி இருந்தால் அழுத்துங்கள், அப்டேட்டுக்கு முந்தைய டிரைவர் திரும்பி வரும். பட்டன் மங்கலாக இருந்தால் "அன்இன்ஸ்டால் டிவைஸ்" கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தானாகவே மறுபடி ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளும். இதில் உங்கள் படம், ஃபைல் எதற்கும் ஆபத்து கிடையாது.

"இலவச டிரைவர் அப்டேட்டர்" என்று நெட்டில் வரும் எதையும் இறக்க வேண்டாம். டிரைவர் வேண்டுமென்றால் உங்கள் லேப்டாப் அல்லது மதர்போர்டு கம்பெனியின் சொந்தத் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டு எடுங்கள், அது எப்போதும் இலவசம்.

தேன்கனிக்கோட்டை, வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்: புளூடூத் ஹெட்போனில் பாட்டு அருமையாக இருக்கிறது, மீட்டிங்கில் சேர்ந்ததும் தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

புளூடூத்தில் பாட்டுக் கேட்க ஒரு முறை, பேச இன்னொரு முறை. முதலாவது ஸ்டீரியோ, நல்ல தரம், ஆனால் மைக் கிடையாது. ஹெட்போனின் மைக்கை மீட்டிங் புரோகிராம் கேட்டதும் இரண்டாவது முறைக்கு மாறுகிறது, அதில் தரம் விழுந்துவிடும். மீட்டிங் செட்டிங்கில் ஸ்பீக்கரை ஹெட்போனாகவும் மைக்கை லேப்டாப்பின் சொந்த மைக்காகவும் தனித்தனியாகக் கொடுங்கள். தரம் திரும்பிவிடும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு விவசாயி: ஐயா, கம்ப்யூட்டரில் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறேன். பாட்டு வருகிறது, கூடவே "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் விடாமல் வருகிறது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. கோடையில் அதிகமாகிறது. ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தும் போகவில்லை.

ஐயா, உங்கள் கேள்வி சத்தம் வராததைப் பற்றியது இல்லை என்றாலும் இதைத்தான் நான் ரொம்பக் கவலையோடு படித்தேன், ஏனென்றால் கோடையில் அதிகமாகிறது என்ற ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள்.

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது, அதன் முனகல்தான் அந்த "ம்ம்ம்". கம்ப்யூட்டர் ஒரு பிளக்கில், ஹோம் தியேட்டர் அறையின் இன்னொரு மூலையில் வேறொரு பிளக்கில், அதோடு கேபிள் டிவி வயரும் சேர்ந்திருந்தால், எர்த்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டாகிவிடும். அந்த வழிகளுக்கு இடையே இருக்கும் சின்ன வித்தியாசம் ஆடியோ வயர் வழியாக ஓடி ஸ்பீக்கரில் முனகலாக வருகிறது. முதலில் கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டர் பலகையில் மாட்டிப் பாருங்கள். அப்புறம் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது முனகல் நிற்கிறதோ அதுதான் காரணம். லேப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம், நின்றால் இதே சங்கதிதான். "கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்" என்று ஆடியோ வயருக்கு நடுவில் மாட்டுகிற சின்ன டப்பா ஒன்று கிடைக்கிறது, அது முனகலை நிறுத்திவிடும்.

ஆனால் அதை மாட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு எர்த்தைப் பார்க்க வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் எர்த் என்பது வீடு கட்டும்போது குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு இறக்கிய ஒரு குழாய்தான். ஈரம் இருக்கும்வரைதான் அது நன்றாக வேலை செய்யும். கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்லும் செம்மண்ணும் சித்திரை, வைகாசியில் காய்ந்துவிட்டால் எர்த்தும் பலவீனமாகிவிடும். உங்கள் முனகல் கோடையில் கூடுவதற்கு இது காரணமாக இருக்கலாம். குழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, குழாயின் வாயில் தண்ணீர் ஊற்றுங்கள், கோடை முழுக்க அவ்வப்போது ஊற்ற வேண்டும். ஒரு நல்ல வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், நீங்களே பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டாம்.

முனகல் போக பிளக்கின் மேல் பக்கத்துப் பெரிய பின்னை ஒடித்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். முனகல் நிற்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பின்தான் எர்த். கோளாறு வந்து கம்ப்யூட்டர் பெட்டியின் தகரத்தில் கரண்ட் இறங்கினால் அதை மண்ணுக்குக் கொண்டு போவது அதுதான். பிள்ளைகள் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து தொடுகிற பெட்டி அது. தயவுசெய்து ஒடிக்காதீர்கள்.

பென்னாகரம் வாசகர்: கோடை மழையில் பக்கத்தில் இடி விழுந்தது. கம்ப்யூட்டர் ஆஃப் செய்துதான் இருந்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஓடுகிறது, நெட் வயர் போடும் இடமும் சத்தமும் மட்டும் வேலை செய்யவில்லை. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

சுவிட்சை ஆஃப் செய்தாலும் வயர் செருகியே இருந்தால் இடியின் மின்சாரம் அதன் வழியாக வரும். நெட் வயர் வழியாகவும் வரும், உங்களுக்கு அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். டிவைஸ் மேனேஜரில் ரியல்டெக் என்ற பெயரே இல்லை என்றால், பயாஸுக்குள் (விண்டோஸ் திறப்பதற்கு முன்னால் வரும் கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்) போய் ஆன்போர்டு ஆடியோ, அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் சவுண்ட், "எனேபிள்" ஆக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதுவும் சரியாக இருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்காக மதர்போர்டு மாற்ற வேண்டியதில்லை. பென் டிரைவ் மாதிரி யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. யு.எஸ்.பி.யில் செருகினால் போதும், பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர் கூட வேண்டாம், விண்டோஸ் தானே அடையாளம் கண்டுகொள்ளும். ஸ்பீக்கரை அதில் மாட்டிவிட்டு, பாலக்கோடு டீச்சருக்குச் சொன்ன பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். நெட்டுக்கும் இதேபோல யு.எஸ்.பி. லேன் அடாப்டர் இருக்கிறது. இனிமேல் வானம் இருட்டியதும் பிளக்கையும் நெட் வயரையும் பிடுங்கி வைத்துவிடுங்கள். பக்கத்திலேயே விழும் இடியை ஸ்பைக் பஸ்டர் தடுக்காது.

ராயக்கோட்டை வாசகி: லேப்டாப்பில் ஹெட்போன் போட்டால் கேட்கிறது, கழற்றினால் ஸ்பீக்கரில் வரவில்லை.

லேப்டாப் இன்னும் ஹெட்போன் உள்ளே இருப்பதாகவே நினைக்கிறது. ஜாக்குக்குள் இருக்கும் சின்னத் தகடு தூசியால் ஒட்டிக்கொண்டிருக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஹெட்போன் ஊசியைப் பல தடவை செருகி எடுங்கள், காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் ஓட்டையைச் சுத்தம் செய்யுங்கள். குண்டூசி, ஹேர்பின் எதையும் உள்ளே விடாதீர்கள்.

ஊத்தங்கரையிலிருந்து ஒருவர்: என் அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் போய்விட்டது, அதில் இருந்த பாஸ் லினக்ஸ் மட்டும் திறக்கிறது. சத்தம் இல்லை. தம்பி பாடம் கேட்க வேண்டும்.

2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த இந்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருப்பதைக் கேட்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. பாஸ் லினக்ஸ் விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு மென்பொருள், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, படிப்புக்குத் தாராளமாகப் போதும்.

டெர்மினலை (கட்டளைகளை அடிக்கும் ஜன்னல்) திறந்து "ஆல்சாமிக்ஸர்" (alsamixer) என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். குழாய் குழாயாக நிற்கும், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் இரண்டு "எம்" எழுத்து இருந்தால் அது வாய் மூடியிருக்கிறது என்று பொருள். இடது, வலது அம்புக்குறியால் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன், பிசிஎம் ஒவ்வொன்றுக்கும் போய் "எம்" தட்டுங்கள், இரண்டு பூஜ்யமாக மாறும். மேல் அம்புக்குறியால் அளவை ஏற்றுங்கள். "ஆட்டோ மியூட்" என்று ஒன்று இருந்தால் அதை டிஸேபிள் ஆக்கிவிடுங்கள். வெளியே வர எஸ்கேப்.

நல்லம்பள்ளி வாசகர்: எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து பதிவு செய்தோம். கம்ப்யூட்டரில் போட்டால் இடது காதில் மட்டும் கேட்கிறது. வலது பக்கம் வெறுமை. பதிவு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. மிக்ஸரிலிருந்து வந்த வயர் ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் கொடுத்திருக்கிறது, கூத்து முழுசாக அந்த இடது பக்கத்திலேயே இருக்கிறது. இப்போதைக்குக் கேட்க மட்டும் வேண்டுமென்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி என்பதற்குள் (விண்டோஸ் 10-ல் ஈஸ் ஆஃப் ஆக்ஸஸ்) ஆடியோ பக்கத்தில் "மோனோ ஆடியோ" இருக்கிறது, ஆன் செய்தால் இரண்டு பக்கமும் கேட்கும். மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஃபைலையே சரிசெய்யுங்கள். ஆடாசிட்டி என்று ஒரு இலவச மென்பொருள், அதில் ஃபைலைத் திறந்து, இடது ஓரத்தில் ஃபைல் பெயர் இருக்கும் இடத்தில் மெனுவைத் திறந்து "ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ" கொடுத்தால் இரண்டாகப் பிரியும், வெறுமையாக இருக்கும் பாதியை நீக்கிவிட்டு மீதியைப் புதுப் பெயரில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மூல ஃபைலை அழிக்காமல் ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். கட்டியங்காரன் பேச்சும் முகவீணைச் சத்தமும் சேர்ந்த ஒரு முழு இரவு அது, மறுபடி அதே மாதிரி யாரும் ஆடிக் கொடுக்க முடியாது.

கிருஷ்ணகிரி பழையபேட்டை வாசகர்: நீங்கள் சொல்வதை எல்லாம் செய்து பார்க்க எனக்கு வயதும் பார்வையும் ஒத்துழைக்கவில்லை. கடைக்குத்தான் போக வேண்டும். என்ன சொல்லிக் கொடுப்பது?

தாராளமாகப் போங்கள் ஐயா, நன்றாக வேலை தெரிந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள்: எப்போதிலிருந்து சத்தம் இல்லை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்னைக் கேட்காமல் ஃபார்மட் போட வேண்டாம். வீட்டில் யாராவது படங்களையும் பத்திரங்களையும் முன்னதாகவே பென் டிரைவில் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. சி.பி.யூ.வை மட்டும் கொண்டு போகாமல் உங்கள் ஸ்பீக்கரையும் அதன் வயரையும் கூடவே கொண்டு போங்கள், கடையில் இருக்கும் ஸ்பீக்கரில் பாடிவிட்டு வீட்டுக்கு வந்து பாடாமல் போவது இதனால்தான். ஏதாவது பாகத்தை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்பீக்கரிலேயே ஒரு பாட்டை முழுசாகப் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.